மூன்று விசிறிச் சக்களத்தி

லீயூன் சவப்பெட்டிக்குள் கையை விட்டு, கணவனின் இடது கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகியிருந்த பச்சைப் பொட்டலத்தை உருவினாள். உள்ளே சோளப்பொரி நொறுங்கும் சத்தம் சாவுச் சடங்கு மண்டபம் முழுக்கக் கேட்டது. மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த பூசாரி ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்.

"யாரு வச்சது இத?"

கேட்டிருக்கவே வேண்டாம். மண்டபத்தின் வலப்பக்கம் மாவ்ஷெங்கின் கம்பெனி ஆட்கள் கறுப்புச் சட்டையில் வரிசையாக நின்றிருந்தார்கள். முதல் ஆளாக நின்ற யாச்சி ஓரடி முன்னால் வந்தாள்.

"நான்தான் அண்ணி."

"எதுக்கு?"

"எங்க லேப்ல எல்லா மெஷின் மேலயும் ஒண்ணு வைப்போம். மக்கர் பண்ணாம ஓடணும்னு. தேதி முடியாததா பாத்துத்தான் வாங்கினேன்."

"இவரு மெஷினா?"

பின்வரிசையில் ட்சாய் என்ற இன்ஜினியர், மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பக்கத்து ஆளிடம் சொன்னான்: "பச்சை வச்சது தப்புப்பா. பச்சைன்னா நிக்காம ஓடுன்னு அர்த்தம். ரெஸ்ட் எடுக்கப் போற மனுசனுக்குப் போயி பச்சை வைப்பாங்களா? மஞ்சள்ல வச்சிருக்கணும்."

"மஞ்சள்னா கோளாறுன்னு அர்த்தம்டா."

"அப்ப சிவப்பு."

"சிவப்பு வச்சா மெஷினு படுத்துரும்."

"அதான் படுத்தாச்சே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. கம்பெனி வரிசையில் யாரோ மூக்கால் சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே அழ ஆரம்பித்தார்கள். அழுகை ஒவ்வொருவராகத் தொற்றியது. யாச்சியின் தோள் குலுங்கியது. லீயூனுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. இந்தச் சிரிப்பும் அழுகையும் தன் வீட்டுச் சாவில் தனக்குப் புரியாத பாஷையில் நடக்கிறதே என்று வயிறு எரிந்தது. புருஷனைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பொறாமைப்படுகிறோமே என்று ஒரு வெட்கமும் வந்தது. வெட்கம் சீக்கிரம் போய்விட்டது, எரிச்சல் நின்றது.

பொட்டலத்தை மகன் போஹானிடம் கொடுத்தாள். "தூரப் போடு" என்றாள்.

போஹான் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மாவ்ஷெங் வேலை பார்த்தது கிராபிக்ஸ் கார்டு செய்கிற கம்பெனியில். கணினிக்குள் செங்கல் கனத்தில் படுத்துக்கொண்டு, விளையாட்டுப் பைத்தியங்களுக்கும் சினிமா எடுப்பவர்களுக்கும் படத்தைத் தீட்டித் தருகிற சாமான் அது. ஒன்று வாங்குகிற காசுக்குப் புது ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். வேலை செய்யச் செய்யக் கொதிக்கும். அந்தக் கொதிப்பை அடக்குவதுதான் மாவ்ஷெங்கின் உத்தியோகம். செம்புக் குழாயை எப்படி வளைப்பது, தகடுகளை எவ்வளவு நெருக்கி அடுக்குவது, விசிறியின் இதழை எந்தச் சாய்வில் வெட்டுவது என்று இருபத்தைந்து வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தார். சோறு தின்னும்போதும் யோசித்தார். லீயூன் பேசும்போதும் அதைத்தான் யோசித்தார்.

லீயூனும் சூட்டில் பிழைக்கிறவள்தான். சோங்ஹேயில் அவர்கள் வீட்டுக்குக் கீழேயே ஒரு காலை டிபன் கடை. விடியும் முன்னே இரும்புக் கல்லைப் பற்றவைத்தால் மதியம்வரை அதன் முன்னால்தான் நிற்க வேண்டும். முட்டைச் சுருளும் முள்ளங்கி அப்பமும் புரட்டிப் புரட்டி, வலது முழங்கைக்குக் கீழே ரோமம் முளைப்பதே நின்றுபோயிருந்தது.

"ஊர்ல இருக்கற கார்டுக்கெல்லாம் மூணு மூணு ஃபேன் வைக்கறீங்க. என் கல்லுக்கு மேல ஒண்ணு வைக்கக் கூடாதா?" என்று கேட்பாள்.

"வச்சிரலாம். இந்த மாடல் முடியட்டும்" என்பார்.

அந்த மாடல் முடியும். அடுத்த மாடல் வரும். முடிந்த மாடல்களின் வெளிக்கூட்டைக் கொண்டுவந்து, வீட்டுக் கூடத்தில் மூதாதையர் பெயர் எழுதிய பலகைக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்குவார். சாமிக்கு ஊதுபத்தி காட்டும்போது அந்த விசிறிகளுக்கும் சேர்த்துத்தான் காட்ட வேண்டியிருந்தது. "மூணு விசிறி வச்ச சக்களத்தி" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவர்களும் சிரிப்பார்கள். சக்களத்திக்கு இரண்டு காலும் ஒரு வாயும் முளைத்து, யாச்சி என்று பெயரும் வைத்த பிறகு அந்த வேடிக்கையை அவள் விட்டுவிட்டாள்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் சேர்ந்த யாச்சிக்கு வேலை சத்தம். கார்டின் விசிறி எவ்வளவு இரைகிறது, உள்ளே கம்பிச் சுருள் கீச்சிடுகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். விசிறியை வேகமாக விட்டால் சூடு இறங்கும், சத்தம் ஏறும். மெதுவாக விட்டால் சத்தம் இறங்கும், சூடு ஏறும். ஆக, மாவ்ஷெங்குக்கும் யாச்சிக்கும் பொழுது விடிந்தால் பொழுது போனால் சண்டை. புருஷன் பெண்டாட்டி போட வேண்டிய சண்டையை எல்லாம் அவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு போட்டார்கள். வீட்டுக்கு வரும் மாவ்ஷெங்கிடம் சண்டைக்கான தெம்பு மிஞ்சியிருக்காது. லீயூன் என்ன சொன்னாலும் சரி என்பார்.

தப்பாக ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சுவரெல்லாம் நுரைப்பஞ்சு பதித்த ஓர் அறை. நடுவில் மேஜைமேல் ஒரு கார்டு ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் யாச்சி. இருவரும் தலையை ஒரே பக்கம் சாய்த்துக் கண்ணை மூடி, அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் கண்ணைத் திறந்து, ஒரே நேரத்தில் இல்லை என்று தலையாட்டினார்கள். இருவரையும் வேறு மாதிரிப் பார்த்திருந்தால் துடைப்பத்தைத் தூக்கியிருக்கலாம், மாமியார் வீட்டைக் கூட்டியிருக்கலாம். இதற்கு யாரைக் கூட்டுவது? குடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டே திரும்பினாள்.

அவர் செத்ததும் அங்கேதான். கார்டுகளை வேகவைத்துப் பார்க்கிற வெப்ப அறையில், காலைச் சோதனையின்போது மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் சாய்ந்துவிட்டார். வெளியிடத்தில் உயிர் போனவரை அங்கேயே போய்க் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார் என்று நாத்தனார் சின்மெய் சொன்னாள். சின்மெய் மாவ்ஷெங்குக்கு மூத்தவள். சாவுச் சடங்கில் அவளுக்குத் தெரியாதது கிடையாது, தெரியாவிட்டாலும் சொல்லிவிடுவாள்.

பூசாரியோடு கம்பெனிக்குப் போனார்கள். வாசலில் எல்லோருக்கும் விருந்தாளி அட்டை மாட்டிவிட்டார்கள், பூசாரியின் மஞ்சள் அங்கிமேலும் ஒன்று தொங்கியது. வெப்ப அறையின் வாசலில் ஊதுபத்தி கொளுத்தி, இரண்டு நாணயங்களை லீயூனின் கையில் கொடுத்தார்கள். ஒன்று தலையும் ஒன்று பூவுமாக விழுந்தால் அவர் சரி என்கிறார். இரண்டும் ஒரே பக்கமாக விழுந்தால் மறுக்கிறார்.

"என்னங்க, வீட்டுக்குப் போலாம். வாங்க" என்று போட்டாள். இரண்டும் பூ.

"வாங்கன்னு சொல்றேன்ல." இரண்டும் தலை.

போஹான் போட்டான். சின்மெய் திட்டிக்கொண்டே போட்டாள். மறுபடி லீயூன் போட்டாள். நாணயங்கள் பேசிவைத்ததுபோல் ஒரே முகத்தைக் காட்டின. கம்பெனி ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் பூசாரிதான், "கூட வேலை பாத்தவங்க யாராச்சும் கேட்டுப் பாக்கறீங்களா?" என்றார்.

யாச்சி வந்தாள். மண்டிபோட்டாள். "அண்ணா, டெஸ்ட் முடிஞ்சிருச்சு. மிச்சத்த நான் பாத்துக்கறேன். வீட்டுக்குக் கெளம்புங்க" என்றாள்.

ஒன்று தலை, ஒன்று பூ.

"பாத்தியா, புத்தி எல்லாம் வேலைலயே இருந்திருக்கு பாவம்" என்று சின்மெய் மூக்கைச் சிந்தினாள். எல்லோருக்கும் நிம்மதி. லீயூனுக்கு மட்டும் நெஞ்சில் முள் தைத்தது. கட்டினவள் வா என்று கூப்பிட்டு வராதவர், கூட வேலை பார்த்தவள் போ என்றதும் கிளம்பினார். கிளம்பினாரே தவிர, வீடு வந்து சேர்ந்தாரா?

எரிக்க நல்ல நாள் வரும்வரை உடம்பு குளிர்ப் பெட்டியில் கிடந்தது. ஏழாம் நாள் செத்தவர் வீட்டுக்கு வருவார் என்று அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தாள். ஊதுபத்திச் சாம்பல் கூட அசையவில்லை. மறுநாள் போஹான் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். அதே ஏழாம் நாள், லேபில் மின்சாரம் கொடுக்காத கார்டு ஒன்றின் விசிறி தானாகச் சுற்றியதாம். அண்ணன் வந்துவிட்டார் என்று எல்லோரும் எழுந்து நின்றார்களாம்.

"யாராவது ஜன்னலத் தொறந்து வச்சிருப்பாங்கம்மா" என்றான்.

"லேப்ல ஏதுடா ஜன்னலு?"

அன்றிலிருந்து லீயூனுக்கு ஒரே கவலைதான். இன்றைக்கு எரித்து முடித்த பிறகு அந்த மனுஷன் எங்கே போவார்? வீட்டுக்கா, லேபுக்கா?

மண்டபத்தில் மந்திரம் முடிந்து, பெட்டியை மூடி ஆணி அடித்தார்கள். போஹான் அப்பாவின் படத்தை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான். வாசலில் சவ வண்டி, அதன் பின்னால் சான்ஷியா சுடுகாட்டுக்குப் போகிற பஸ். லீயூன் படியில் கால் வைத்ததும் சின்மெய் அவள் கையைப் பிடித்தாள்.

"நீ எங்க வர? நீ இதோட நில்லு."

"ஏன்?"

"ஏனா? புருசன பொண்டாட்டி வழியனுப்பக் கூடாது. தெரியாதா? வீட்டுக்குப் போயி குளி. நாங்க முடிச்சுட்டு வந்துருவோம்."

தெரியும்தான். அவள் மாமனார் செத்தபோது மாமியாரும் இப்படித்தான் வாசலோடு நின்றார். ஆனால் அந்தப் பஸ்ஸில் மாமனாரின் ஆபீஸ்காரி யாரும் ஏறவில்லை. லீயூன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே யாச்சி முன்வாசல் வழியாக ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அவ மட்டும் போறா?"

"அவளுக்கு என்ன, ஆபீஸ் ஆளு. யாரு வேணா போலாம். பொண்டாட்டி மட்டும் போகக் கூடாது."

"நல்லா இருக்குக்கா உங்க நியாயம். ஊரே போயி பாக்கலாம், கட்டினவ பாக்கக் கூடாது."

"நான் போட்ட நியாயமாடி? நீ போனா அவன் உன்ன விடமாட்டான். திரும்பி வரும்போது உன் கூடவே ஒட்டிக்கிட்டு வந்துருவான். அப்புறம் உனக்கும் நிம்மதி இல்ல, அவனுக்கும் இல்ல."

லீயூன் ஒரு கணம் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள்.

"வரட்டும்" என்றாள். கையை உதறிக்கொண்டு ஏறினாள். சின்மெய் தலையில் அடித்துக்கொண்டு, போஹானோடு சவ வண்டியில் ஏறப் போனாள்.

பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. யாச்சிக்குப் பக்கத்து இடம். துக்கத்தில் இருக்கிறவளைத் தனியாக விட வேண்டும் என்று கம்பெனி ஆட்கள் மரியாதையாக அதை விட்டுவைத்திருந்தார்கள். அந்த மரியாதை யாருக்கு வந்து சேர வேண்டியது என்று லீயூன் யோசித்தாள். யோசித்துக்கொண்டே பொத்தென்று உட்கார்ந்தாள். யாச்சி ஜன்னலோடு ஒண்டிக்கொண்டாள்.

பஸ் ஊரைத் தாண்டியது. பிறகு ஒவ்வொருவர் பையிலும் போன் அதிர ஆரம்பித்தது. பின்னால் ட்சாய் எட்டிப் பார்த்து, "யாச்சிக்கா, மேடைக்கு வந்துருச்சு. ஓட்டிக் காட்டறாங்க" என்றான்.

"என்னது?" என்று கேட்டாள் லீயூன்.

"அண்ணனோட கார்டு. இன்னைக்கு நான்காங் ஹால்ல நடக்கற கண்காட்சில முதல் தடவையா காட்டறாங்க அண்ணி. இதுக்கப்புறம் ஊர் ஊரா விக்கும்."

"நீ அங்க இருக்க வேண்டியவதானே?"

"ஆமா. வரலைன்னு சொல்லிட்டேன்."

ட்சாய் போனில் வருவதை வாசித்தான். "முழு வேகத்துல ஓடுதாம். சத்தமே இல்லையாம். கார்டு ஓடுதான்னு கையை வச்சுப் பாக்கறாங்களாம்..." அதற்கு மேல் வாசிக்க முடியாமல் போனைக் கவிழ்த்து முழங்காலில் வைத்துக்கொண்டான்.

யாச்சி தன் போனில் எதையோ தேடி எடுத்தாள். காதில் செருகிக் கேட்கும் குமிழ் ஒன்றை லீயூனிடம் நீட்டினாள். "கேளுங்க அண்ணி. அண்ணன் இருக்கும்போது கடைசியா பதிவு பண்ணது."

வாங்கிக் காதில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"ஒண்ணும் வரலையே."

"அதான் அண்ணி. அதான் அது. மூணு ஃபேனும் சுத்துது."

லீயூன் கேட்டுக்கொண்டிருந்தாள். மகன் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அவர் வராதது, மாமியார் செத்த அன்று கடைசியாக வந்தது, ஒரே கட்டிலில் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ யோசித்தபடி படுத்திருந்தது எல்லாம் சேர்ந்து இந்த ஒன்றுமில்லாததற்காகத்தான். இதைக் கேட்கத்தான் இவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். காதிலிருந்து பிடுங்கி எறியப் போன நேரத்தில், அவர் குரல் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் பேசுகிற குரல்.

"கேட்டுச்சா? போதும் விடு. வா, சாப்பிடலாம்."

அவ்வளவுதான், பதிவு முடிந்துவிட்டது.

லீயூன் குமிழைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் சரசமாக எதுவும் பேசியிருந்தால் கூடப் பொறுத்திருப்பாள். வா, சாப்பிடலாம் என்று தன்னை அவர் கடைசியாக எப்போது கூப்பிட்டார் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

"தினமும் சேந்துதான் சாப்பிடுவீங்களா?"

"ஆமா அண்ணி."

"நான் டப்பா குடுத்து விடுவேனே."

யாச்சி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத ஜாதி அவள். கார்டு கீச்சிட்டால் கீச்சிடுகிறது என்று சொல்லித்தான் பழக்கம்.

"அது நான் சாப்பிடுவேன்" என்றாள்.

"என்னது?"

"டப்பாவ என்கிட்ட குடுத்துருவாரு. அவரு முக்குக் கடைல வேகவச்ச காய் வாங்கிப்பாரு. டாக்டரு எண்ணெயும் உப்பும் கூடாதுன்னுட்டாரு. ரத்தக் கொதிப்பு. உங்ககிட்ட சொன்னா, காலைலேர்ந்து கல்லு முன்னால நின்னு செஞ்சு குடுக்கறா, மனசு கஷ்டப்படுவான்னு..."

"ரத்தக் கொதிப்பா? யாருக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா?" யாச்சி நிஜமாகவே அதிர்ந்து திரும்பினாள். "மாத்திரையெல்லாம் போட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு. சில நாள் மறந்துருவாரு, நான்தான் சத்தம் போடுவேன்."

லீயூனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. சாப்பாடு, நோய், மாத்திரை, சத்தம் போடுவது. எல்லாம் அங்கேயே நடந்திருக்கிறது. அவள் பங்குக்கு வந்தது அழுக்குத் துணி மட்டும்தான்.

"டப்பாவ யாரு கழுவறது?"

"நான்தான்."

கழுவித் துடைத்து மூடியோடு வருகிற அந்த டப்பாவைக் காட்டி, கடைக்கு வருகிற பெண்களிடம் எத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருக்கிறாள்! எங்க வீட்டுக்காரரு வேற எந்த வேலையும் செய்யமாட்டாரு, ஆனா டப்பாவ மட்டும் பளபளன்னு கழுவிக் குடுத்துருவாரு என்று. அந்த ஒரு பெருமையும் போயிற்று.

"என்னப் பத்தி என்ன சொல்லுவாரு?" என்று கேட்டாள். கேட்கக் கூடாது என்று தெரிந்தேதான் கேட்டாள். எப்பவும் உங்களப் பத்தித்தான் பேச்சு என்று யாராக இருந்தாலும் சொல்லுவார்கள். துக்க வீட்டில் அந்தப் பொய்க்குப் பாவம் இல்லை.

யாச்சி யோசித்தாள். "வீட்டப் பத்திப் பேச மாட்டாரு அண்ணி."

"ஒரு வார்த்தை கூடவா?"

"நான்தான் பேசுவேன். அந்த முள்ளங்கி வத்தல் போட்ட முட்டை இருக்குல்ல, அதப் பத்தி. வாரத்துல ரெண்டு தடவை வருமா? வர்ற அன்னைக்குக் காலைலயே கேட்டுருவேன், அண்ணா இன்னைக்கு முட்டையான்னு." சொல்லும்போதே அவள் உதடு கோணியது. "இனிமே அது இல்லல்ல" என்று சொல்லிவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டி அழுதாள். மாவ்ஷெங்குக்காகவா முட்டைக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை.

லீயூன் அவளைப் பார்த்தாள். உருண்டை முகம், பூசினாற்போன்ற கன்னம். என் எண்ணெய் எல்லாம் இங்கேதான் இருக்கிறது என்று நினைத்தாள். அறையலாம் போலவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. எட்டு வருஷமாக யாருக்கு ஊட்டி வளர்த்திருக்கிறாள், பார். அவள் சமையலை ருசித்துத் தின்ற ஒரே ஆள் இவள்தான்.

கைக்குட்டையை எடுத்து யாச்சியின் மடியில் போட்டாள். கையில் கொடுக்கவில்லை.

சான்ஷியாவில் எல்லாம் சீக்கிரமாகவே நடந்தது. வரிசையாகச் சுவரில் இரும்புக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு குடும்பம். ஊழியர்கள் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள். சின்மெய் எல்லோரையும் மண்டிபோட வைத்தாள். லீயூனைப் பார்த்து, "நீ வந்ததே தப்பு. பின்னால நில்லு, வாயத் தொறக்காத" என்றாள்.

லீயூன் முன்னால் போய் நின்றாள்.

பெட்டி உள்ளே போக ஆரம்பித்ததும் சுற்றி நின்றவர்கள் குரல் எடுத்தார்கள். இந்த ஊரில் செத்தவர்களை அப்படித்தான் எச்சரிப்பது. உடம்பைத்தான் நெருப்பு தொட வேண்டும், ஆவி அதற்குள் எழுந்து வெளியே ஓடிவிட வேண்டும்.

"அப்பா! நெருப்பு வருதுப்பா! ஓடுங்க!" போஹானின் குரல் பாதியில் உடைந்தது.

"மாவ்ஷெங்! நெருப்புடா! எந்திரிச்சு ஓடுடா தம்பி!" இது சின்மெய்.

"அண்ணா, ஓடுங்க! சூடு வருது, ஓடுங்கண்ணா!"

யாச்சியின் குரல் மற்ற எல்லாக் குரல்களுக்கும் மேலே கேட்டது. கம்பெனி ஆட்கள் பத்துப் பேரும் அவளோடு சேர்ந்து கத்தினார்கள். இருபத்தைந்து வருஷம் சூட்டோடு மல்லுக்கட்டிய மனுஷனைச் சூட்டைப் பார்த்து ஓடச் சொல்கிறார்கள். யாச்சி சொன்னால் ஓடுவார். அன்றைக்கு ஒரே ஒரு தடவை சொன்னாள், உடனே கிளம்பினாரே. ஓடுவார், சரி. எந்தப் பக்கம்? அதை யாரும் சொல்லவில்லை.

லீயூன் ஓடு என்று சொல்லவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, டாக்சிக்காரனுக்கு வழி சொல்கிற குரலில் பேசினாள்.

"சோங்ஹே. சிங்ஷின் தெரு. காய்கறிச் சந்தைக்கு எதிர்ச் சந்து. உள்ள வந்தா இடது கைப்பக்கம் நம்ம கடை, ஷட்டர் சாத்தியிருக்கும். அதுக்குப் பக்கத்துப் படி."

"அடியே, என்னடி பண்ற?" சின்மெய் அவள் தோளைப் பிடித்து இழுத்தாள். "வீட்டுக்குக் கூப்பிடறியா அவன? அவன் போற எடத்துக்குப் போகட்டும், விடு!"

லீயூன் தோளை விடுவித்துக்கொண்டாள். இரும்புக் கதவு இறங்க ஆரம்பித்திருந்தது. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். சோங்ஹே. சிங்ஷின் தெரு. காய்கறிச் சந்தைக்கு எதிர்ச் சந்து.

பக்கத்தில் யாச்சி கத்துவதை நிறுத்திவிட்டாள். அவள் நின்றதும் கம்பெனி ஆட்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கதவு தரையைத் தொட்டது. உள்ளே ஏதோ இரைச்சல் எழுந்தது.

"பக்கத்துப் படி" என்றாள் லீயூன். "நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மெதுவா ஏறுங்க."